சிங்கப்பூர்: வெளியே தெரிவதும் உள்ளே வாழ்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சிங்கப்பூரைப் பற்றி ஏதாவது ஒரு கருத்து இல்லாதவர்களைப் பார்ப்பது அரிது. சுற்றுலா வந்து நான்கு நாள் தங்கிப் போனவர்கள் ஒன்று சொல்வார்கள்; கட்டுமான வேலைக்கு வந்து திரும்பியவர்கள் வேறொன்று சொல்வார்கள்; இங்கேயே குடியேறியவர்கள் இரண்டையும் மறுப்பார்கள். கீழே உள்ளவை, ஊரிலிருக்கும் உறவினர்களும் வேலைக்கு வர எண்ணுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள். பல ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில் உள்ளன.

ஒரே ஊரைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே, யார் சொல்வது உண்மை?

பெரும்பாலும் எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இங்கே ஒருவருடைய வாழ்க்கை எப்படி அமையும் என்பதை அவர் கையிலிருக்கும் அட்டைதான் முடிவு செய்கிறது. குடிமகனா, நிரந்தரவாசியா, எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வந்த அலுவலரா, நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ்காரரா, வொர்க் பெர்மிட்டில் வந்த தொழிலாளியா என்பதைப் பொறுத்து, எந்த வீட்டில் இருக்கலாம், மனைவி மக்களை அழைத்து வரலாமா, வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், முதுமையில் இங்கே இடம் உண்டா என்பன எல்லாம் மாறுகின்றன. 2024 கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். அதில் குடிமக்கள் 36 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதல், நிரந்தரவாசிகள் 5 லட்சத்துக்கு மேல், மீதமுள்ள 18 லட்சத்துக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு கால வரம்புக்குள் இங்கே இருப்பவர்கள். ஆகவே சிங்கப்பூரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அவர் எந்த அட்டையில் இருந்தார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பின்வரும் பதில்களில் பல இந்த ஒரு விஷயத்திலேயே வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

சூயிங்கம் மென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாமே?

மெல்வது குற்றமல்ல. 1992 முதல் அதை இறக்குமதி செய்வதும் விற்பதும்தான் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயிலின் கதவுகளில் மென்று துப்பிய கம்மை ஒட்டி வைத்ததால் ரயில் நின்றுபோனது ஒரு காரணம். 2004 முதல் மருத்துவப் பயனுள்ள சில வகைகள் மருந்தகங்களிலும் பல் மருத்துவர்களிடமும் கிடைக்கின்றன. குப்பை போட்டால் அபராதம் உண்டு என்பது உண்மை. முதல் முறையிலேயே நீதிமன்றம் 2,000 வெள்ளி வரை விதிக்கலாம். ஆனாலும் இங்கே குடியிருப்பவர்கள் அபராதத்தை நினைத்துக்கொண்டு நடமாடுவதில்லை. மாதக்கணக்கில் ஒரு காவல் அதிகாரியைக்கூட நேருக்கு நேர் பார்க்காமல் வாழ்ந்துவிடலாம்.

போதைப்பொருள் விஷயம் வேறு. 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை வரை போகும். தண்டனைகள் நிறைவேற்றப்பட்டும் வருகின்றன. மின்சிகரெட்டும் சட்டவிரோதம். சூயிங்கம் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள், யாரோ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது அதுதான்.

ஊர் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு மக்களின் ஒழுக்கம்தானே காரணம்?

ஒழுக்கம் ஒரு பகுதி. கூலிக்குத் துப்புரவு செய்யும் பெருங்கூட்டம் மற்றொரு பகுதி, அதுவே பெரியது. விடியற்காலையில் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கவனித்தால் புரியும். முந்தைய இரவு போட்ட சிகரெட் துண்டுகளும் பிளாஸ்டிக் கோப்பைகளும் அங்கே கிடக்கும். வெளிநாட்டு ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். மக்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தரை பளிச்சென்று இருக்கும். உணவங்காடி நிலையங்களில் மேசை துடைப்பவர்களில் பலர் எழுபது வயதைத் தொட்ட சிங்கப்பூரர்கள். சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்து வைக்க வேண்டும் என்பதை 2021இல் சட்டத்தின் துணையோடுதான் பழக்கத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இந்த நகரத்தின் சுத்தத்தைப் புகழ்பவர்கள் அந்தக் கைகளையும் சேர்த்துப் புகழ வேண்டும் என்பது என் விருப்பம்.

மீன்பிடி கிராமமாக இருந்து ஒரே தலைமுறையில் இப்படி ஆகிவிட்டதா?

இந்தக் கதை மேடைப் பேச்சுகளுக்கு வசதியானது. வரலாறு அப்படி இல்லை. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் தனி நாடானபோது சிங்கப்பூர் ஏறத்தாழ 19 லட்சம் மக்கள் வாழ்ந்த பெரிய துறைமுக நகரம். பிரிட்டிஷ் ஆட்சியில் ஒன்றரை நூற்றாண்டு வணிகம் நடந்த இடம். அப்போதே தனிநபர் வருமானம் 500 அமெரிக்க டாலர் அளவில் இருந்தது. அன்றைய ஆசியாவில் அது உயர்ந்த அளவு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிலும் ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள்.

அதே சமயம் மக்கள் நெருக்கடியில் வாழ்ந்ததும் உண்மை. 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, தொடங்கப்பட்டிருந்தது. எரிந்த இடத்திலேயே அது வேகமாக அடுக்குமாடிகளை எழுப்பியது. வியக்க வேண்டியது இந்த வேலையைத்தான். அதன் மறுபக்கமாக, நிலம் பெருமளவில் அரசின் கைக்கு வந்தது. கம்போங் எனப்பட்ட கிராமக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அங்கே வளர்ந்த முதியவர்கள் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதுகூடப் பழைய கிணற்றையும் ரம்புத்தான் மரத்தையும் பற்றிப் பேசுகிறார்கள்.

அங்கே எல்லோருக்கும் சொந்த வீடு உண்டா? அரசாங்கமே கொடுக்கிறதா?

அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதில்லை, விற்கிறது. இங்கே வசிக்கும் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். குடும்பங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது தாம் குடியிருக்கும் வீட்டுக்கு உரிமையாளர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வரிசை வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளை ஏழைகளின் குடியிருப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆசிரியர், வங்கி அதிகாரி, டாக்சி ஓட்டுநர், ஓய்வுபெற்ற செவிலியர் என எல்லோரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இடம் அது.

ஆனால் அந்த உரிமை 99 ஆண்டுக் குத்தகை உரிமை. நம் ஊரில் தாத்தா கட்டிய வீடு பேரனுக்குப் போவதுபோல இங்கே போகாது; குத்தகை முடிந்தால் வீடு அரசுக்குத் திரும்பும். பழைய பேட்டைகளில் வசிப்பவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கணக்குப் பார்ப்பது அதனால்தான். புது வீட்டுக்கு விண்ணப்பித்துக் குலுக்கலில் எண் கிடைத்த பிறகும், கட்டி முடியும் வரை மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும். திருமணமாகாதவர் 35 வயதுக்குப் பிறகே தனியாக வாங்க முடியும். இளைஞர் ஒருவர் தம் தோழியிடம் சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பது இங்கே கிட்டத்தட்ட கல்யாணப் பேச்சைத் தொடங்குவதற்குச் சமம்.

பெரும்பாலோர் முன்பணத்தையும் மாதத் தவணையையும் மத்திய சேம நிதியிலிருந்து, அதாவது மசேநியிலிருந்து, கட்டுகிறார்கள். 55 வயது வரை தொழிலாளி சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளி 17 விழுக்காடும் அதில் செலுத்துகிறார்கள். எனவே சம்பளம் என்று காதில் விழும் தொகை முழுவதும் கைக்கு வருவதில்லை. வீடு கைக்கு வருகிறது, ஆனால் முதுமைக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதி சுவராகவும் கூரையாகவும் மாறிவிடுகிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு மசேநியும் இல்லை, வீவகவிடம் வீடு வாங்கும் உரிமையும் இல்லை.

மாதம் 4,000 வெள்ளி சம்பளம் என்றால் ராஜ வாழ்க்கைதானே?

ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அப்படித் தோன்றும். செலவழிப்பது வெள்ளியில் என்பதை மறந்துவிடுகிறோம். பொருள், சேவை வரி 2022 வரை 7 விழுக்காடாக இருந்தது. 2024 முதல் 9 விழுக்காடு. கார் வாங்குவதற்கு முன் அதை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டு செல்லும் அந்தச் சான்றிதழ் மட்டும் 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. ஆகவே நல்ல சம்பளக்காரர்கள்கூட ரயிலிலும் பேருந்திலும் போகிறார்கள், அவை நன்றாக இருப்பதால் குறையும் தெரிவதில்லை. உணவங்காடியில் சில வெள்ளிக்கு வயிறார உண்ணலாம். அறை வாடகைதான் புதிதாக வருபவரை முதலில் திகைக்க வைக்கும். குடும்பத்தோடு வருபவர், வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவம் மூன்றையும் வெள்ளியில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே சரி. வெளிநாட்டவருக்குப் பள்ளிக் கட்டணமும் மருத்துவக் கட்டணமும் குடிமக்களுக்கு உள்ளதுபோல இருக்காது.

தமிழ் ஆட்சிமொழியாயிற்றே, தமிழிலேயே காலம் தள்ளிவிடலாமா?

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பண நோட்டில் இருக்கிறது, ரயில் அறிவிப்பில் ஒலிக்கிறது, பள்ளியில் பாடமாக இருக்கிறது, நூலகங்களில் தனி அடுக்குகள் உண்டு. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. வானொலி, தொலைக்காட்சி உண்டு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது. தமிழர் பெரும்பான்மையாக இல்லாத ஒரு நாட்டில் இந்த மரியாதை கிடைப்பதைக் கண்டு ஊரிலிருந்து வருபவர் நெகிழ்வது இயல்பே.

வீட்டுக்குள் நிலைமை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் மொத்த வசிப்போரில் 2.5 விழுக்காடு மட்டுமே. 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காடானார்கள். பள்ளி, அலுவலகம், மருத்துவமனை எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை தம்பியோடு விளையாடும்போது ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைப் பல வீடுகளில் காணலாம். அரசு ஆதரவு இருந்தால் மொழி தானாகப் பிழைத்துவிடும் என்று நம்புபவர்கள் இந்த வீடுகளையும் பார்க்க வேண்டும். சட்டம் தர முடிந்ததை எல்லாம் தந்தாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் தமிழ் பேசுவது பெற்றோர் செய்ய வேண்டிய வேலை.

வொர்க் பெர்மிட்டில் வருபவர் காணும் சிங்கப்பூர் எப்படிப்பட்டது?

இந்தக் கேள்விக்கான பதில்தான் நம் ஊர்களுக்கு மிகவும் தேவைப்படுவது, மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் அதுவே. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தமிழகத்து, வங்கதேசத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நகரத்தின் ஓரங்களில் உள்ள தங்கும் விடுதிகளில் இருக்கிறார்கள். ஓர் அறையில் பலர், ஈரடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை. காலையில் லாரியின் பின்புறத்தில் ஏற்றப்பட்டு வேலையிடம் போகிறார்கள். மாலையில் அதேபோலத் திரும்புகிறார்கள். மற்றவர்களுக்கு இருக்கை வார் கட்டாயமாக உள்ள நாட்டில், ஆட்களை இப்படிச் சரக்கு வாகனத்தில் கொண்டுபோகச் சட்டம் இன்னமும் இடம் தருகிறது. விபத்துகளில் உயிர்கள் போயிருக்கின்றன. இது நிறுத்தப்பட வேண்டும் என்று இங்கேயே குரல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களோடு உடன்படுகிறேன்.

அனுமதிச் சீட்டு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. நினைத்தவுடன் வேறு இடம் மாற முடியாது. மனைவி மக்களை அழைத்து வர முடியாது. அந்த உரிமை எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மெண்ட் பாஸிலோ மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் பெறுவோருக்கே உண்டு. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினாலும் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே 2013இல்தான் சட்டமானது.

2020இல் கொரோனா பரவியபோது இரண்டு சிங்கப்பூர்களும் ஒரே சமயத்தில் வெளிப்பட்டன. அந்த ஆண்டு இறுதியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிகளில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 47 விழுக்காட்டினருக்கு, தொற்று ஏற்பட்டிருந்தது. வெளியே குடியிருப்புப் பகுதிகளில் அது மிகக் குறைவு. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதாலும் சிகிச்சை இலவசமாகத் தரப்பட்டதாலும் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. நகரம் திறந்த பிறகும் அவர்கள் நெடுங்காலம் விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அறிந்தும் மக்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்டால், அந்தப் பணத்தில் தங்கை கல்யாணமும் ஊரில் மாடி வீடும் நிறைவேறியிருப்பதை எவரும் மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் போய்ப் பாருங்கள். திறந்த வெளியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகத்தை நண்பர்களுக்குத் திருப்பிக் காட்டுபவர்களைக் காணலாம். பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்பவரும் அவர்தான். ஊருக்கு அனுப்பும் படத்தில் மரினா பே கட்டடம் பின்னணியில் இருக்கும். விடுதி அறை இருக்காது. அடுத்து வருபவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கடன் வாங்குகிறார்.

பிள்ளைகள் படிப்புக்கு நல்ல ஊரா?

பள்ளிகள் தரமானவை, உலக அளவிலான கணித, அறிவியல் ஒப்பீடுகளில் சிங்கப்பூர் மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அந்தத் தரத்துக்குப் பின்னால் துணைப்பாட வகுப்பு என்ற இன்னொரு பள்ளி ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 குடும்பச் செலவு ஆய்வின்படி குடும்பங்கள் ஆண்டுக்கு 180 கோடி வெள்ளியை அதற்குச் செலவிட்டன. பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கும்போது தாயோ தந்தையோ வேலைக்கு நீண்ட விடுப்பு எடுப்பதும் நடக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்று சொல்லும் பிறப்பு விகிதம் 2023இல் 0.97 ஆகக் குறைந்ததற்கு வீடு, வேலைநேரம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளைக்கே இவ்வளவு ஓட வேண்டியிருக்கிறதே என்று பெற்றோர் பெருமூச்சு விடுவதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1967இல் தொடங்கிய இந்தக் கட்டாயப் பயிற்சி இப்போது இரண்டு ஆண்டு. நிரந்தரவாசிகளான பெற்றோரின் நிழலில் அதே தகுதியைப் பெற்ற மகன்களும் செய்தாக வேண்டும். குடியேறும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது.

அங்கே வாய் திறக்கவே பயப்படுவார்களாமே?

காப்பிக் கடையில் அமைச்சர்களைப் பற்றி மக்கள் பேசுவதைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். வாக்களிப்பது கட்டாயம், எதிர்க்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடம் உண்டு. 1959 முதல் மக்கள் செயல் கட்சிதான் ஆள்கிறது. 2020 தேர்தலில் அதற்கு 61 விழுக்காடும் 2025இல் 65 விழுக்காட்டுக்கு மேலும் வாக்குகள் கிடைத்தன. கட்டுப்பாடு அன்றாடப் பேச்சைவிடக் கூடுவதில்தான் அதிகம். தெருவில் ஊர்வலம், மறியல், தட்டி ஏந்தி நிற்றல் ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். ஹாங் லிம் பூங்காவில் 2000ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட இடத்தில் குடிமக்கள் சில நிபந்தனைகளோடு கூடலாம். இனம், சமயம் குறித்த பேச்சில் சட்டம் மிகக் கண்டிப்பானது. ஊரில் நடக்கும் அரசியலுக்காக இங்கே கூட்டம் கூட்டலாம் என்று வெளிநாட்டு ஊழியர் எவரும் எண்ணக் கூடாது; வேலை அனுமதியே போய்விடும்.

பல இனத்தவர் ஒற்றுமையாக வாழ்வதாகச் சொல்வது உண்மையா, விளம்பரமா?

திட்டமிட்டு உருவாக்கிப் பழகிப்போன உண்மை. 1989 முதல் ஒவ்வொரு வீவக கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்ற வரம்பு உண்டு. அதன் பயனாகத் தமிழர் மட்டும், மலாய்க்காரர் மட்டும் வாழும் கட்டடம் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணப் பந்தல் இருக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு நடக்கும். மேலே ஏறிப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள். அதே வரம்பால், சீனர் ஒதுக்கீடு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க முயலும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது; வாங்குபவர்கள் குறைவதால் விலையும் குறையலாம். வாடகைக்கு அறை தேடும்போது இந்தியருக்கு இல்லை என்ற பதிலையும் கேட்க நேரலாம். இவ்வளவும் இருந்தும், பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி தீபாவளிக்கு முறுக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஊர் இது; அதை நான் எங்கும் துணிந்து சொல்வேன்.

வேலைக்கு வருமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

முதலில், எந்த வகை அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள். வொர்க் பெர்மிட் என்றால், புறப்படும் முன் மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் உங்கள் தாய்மொழியிலும் உங்களுக்கு வர வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். முகவர் வாயால் சொன்ன தொகையையும் கடிதத்தில் உள்ள தொகையையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் விமானம் ஏறாதீர்கள். சிங்கப்பூர் முகவர் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஊரில் உள்ள முகவர் கேட்கும் பணம் இந்த வரம்புக்குள் வராது. பலர் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்வது அங்கேதான். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்து, மிகைநேர ஊதியத்தைச் சேர்க்காமல், வாங்கிய கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அந்த மாதங்கள் அனுமதிச் சீட்டின் காலத்தில் பாதியைத் தாண்டினால், அந்த வேலையை ஏற்பதற்கு முன் ஏற்கெனவே அதே நிறுவனத்தில் இருக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.